மீசைக்குள் இருந்த குரல்

பர்மாவில், தாமுவேயில் மரியஜோசப் வீடு எது என்று கேட்டால் கையை விரிப்பார்கள். துரை வீடு என்று கேட்டால் மீன் விற்கிறவளிலிருந்து சைக்கிள் ரிக்‌ஷாக்காரன் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். மார்க்கெட்டுக்குப் பின்னால் மூன்றாவது சந்து, மாடியில் பச்சைக் கதவு. வழி சொல்லும்போதே சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புதான் மரியஜோசப்புக்கு ஆகாது.

மனிதர் கோபக்காரர். டீ ஆறினால் கோபம், மின்சாரம் போனால் கோபம், வந்தால் ஏன் இவ்வளவு நேரம் என்று கோபம். காரணமில்லாத கோபம் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு இருந்த காரணத்தில் பாதி இருந்திருந்தால் வேறொருவன் ஊரைக் கொளுத்தியிருப்பான். தமிழ் நாடக மேடையில் இருபது வருஷம் நின்றவர், இருபது வருஷமும் ஒரே வேஷம்: பத்தொன்பதாம் நூற்றாண்டு வெள்ளைக்கார துரை. அதுவும் கடைசிக் காட்சியில் செருப்படி வாங்குகிற துரை.

எல்லாவற்றுக்கும் காரணம் தோல். பூனைக்கண்ணும் வெளுத்த நிறமும் எந்த முப்பாட்டன் வழியாக வீட்டுக்குள் நுழைந்தன என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அவருடைய அப்பா பெல்ட்டைக் கழற்றிவிடுவார். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் விட்டுப்போன சொத்து, அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் பாடப் புத்தகம். அதில் ஓர் இங்கிலீஷ் நாடக நடிகரைப் பற்றி மூன்று பக்கம் இருந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஆள். பெயர் இருந்த இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. தையற்காரர் வீட்டுப் பிள்ளை, வீட்டைவிட்டு ஓடி, ஊர் ஊராக நடந்து, கொலைகாரன் வேஷமும் கஞ்சன் வேஷமும் கட்டி, முதலாளிகளோடு சண்டை போட்டு, கடைசியில் லண்டனுக்கு வந்து சேர்ந்த கதை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவன் காதில் விழாத வசனம் பேசாத வசனம்தான் என்று அந்த மனிதர் சொன்னதாக ஒரு வரி. அவர் விடைபெற்ற நாளில் கொட்டகை முழுக்க எழுந்து நின்றது, உட்காரவே மறுத்தது என்று இன்னொரு வரி. பையனாக இருந்தபோதே மரியஜோசப் இந்த இரண்டு வரியையும் மனப்பாடம் செய்துவிட்டார். மூச்சை வயிற்றில் நிறுத்திப் பேசிப் பேசிப் பழகினார். அப்படித்தான் அந்தக் குரல் வந்தது.

குரல் முதலில் சோற்றில்தான் மண்ணைப் போட்டது. எண்பத்தெட்டு ஆகஸ்டில் ஆட்சியை எதிர்த்து ஊரே தெருவில் இறங்கியபோது, அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிளார்க்காக இருந்த மரியஜோசப்பும் இறங்கினார். அவர் போட்ட கோஷம் நாலு தெரு தள்ளிக் கேட்டது. செப்டம்பரில் ராணுவத்தின் துப்பாக்கி பேசி முடித்த பிறகு, ஆபீசில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் போகவில்லை என்றார். முகத்தைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து மேஜைக்காரன், ஒன்றாக உட்கார்ந்து மொஹிங்கா சாப்பிட்டவன், குரல் இவருடையதுதான் என்று சொல்லிவிட்டான். வேலை போயிற்று.

அவர் மனைவி இராஜகுமாரி அன்றைக்கு அழவில்லை. அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே சொன்னாள்: "இனிமே வாயைத் தொறக்காதீங்க, லதாப்பா. ஒங்க வாய்தான் நமக்குச் சத்துரு."

மகள் லதாவுக்கு அப்போது பால் பல் விழுகிற வயது. வாயைத் திறக்காமல் எப்படிச் சாப்பிடுவது? பிள்ளைகளுக்கு வீட்டில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பர்மியப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், நம் பிள்ளைகள் எல்லாம் வந்தார்கள். சயா, சயா என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். தாமுவேயில் அவரை மரியாதையாகக் கூப்பிட்டவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

தொண்ணூறாம் வருஷத் தைப்பூசத்துக்கு முன்னால் முத்துக்கருப்பன் செட்டியார் மாடிப்படி ஏறி வந்தார். பருப்பு மண்டிக்காரர். தாத்தா காலத்தில் வட்டிக்கடை வைத்துக் கொடிகட்டிப் பறந்த குடும்பம். நிலமெல்லாம் போய், சொந்தக்காரர்கள் எல்லாம் கப்பலேறி, மிச்சம் இருந்தது மண்டியும் தமிழ் நாடகச் சங்கத்தின் தலைவர் பதவியும்தான். கோயில் மண்டபத்தில் நாடகம் போடுவதற்கு அனுமதி கிடைத்துவிட்டது என்றார். நாடகத்தின் பெயர் 'வேலப்பன் வயல்'. ஐராவதி முகத்துவாரத்தில் வயல் வேலைக்கு வந்த ஒரு தமிழன், நெல்லையெல்லாம் பூட்டி வைத்துக்கொண்ட வெள்ளைக்கார துரையை எதிர்த்துத் தூக்கில் தொங்குகிற கதை.

"செட்டியாரே, வேலப்பன் வேஷம் எனக்குக் குடுங்க. அதுக்குக் குரல் வேணும். எங்கிட்ட இருக்கு" என்றார் மரியஜோசப்.

"இருக்குப்பா, யாரு இல்லேன்னா? ஆனா வேலப்பன் வேஷத்தை யாருக்கு வேணா கட்டலாம். துரை வேஷத்துக்கு ஆள் எங்க இருக்கு? ஒனக்கு மாவே பூச வேண்டாம். கோட்டை மாட்டிட்டா துரைதான். இந்த வருஷம் வேலப்பனை நான் கட்டிக்கிறேன். வர்ற வருஷம் நீதான். முருகன் சாட்சி."

முருகனைச் சாட்சிக்கு இழுத்த பிறகு என்ன பேசுவது? கோட்டை மாட்டிக்கொண்டார்.

அந்த முதல் நாடகத்தின் தூக்குமேடைக் காட்சியில்தான் சனி பிடித்தது. வேலப்பன் கழுத்தில் கயிறு; எதிரே துரை. வேலப்பன் துரையைப் பார்த்து ஒரு நீண்ட வசனம் பேச வேண்டும். முத்துக்கருப்பன் இரண்டு வரி பேசினார், மூன்றாவது வரி மறந்துபோயிற்று. மண்டபம் நிறைய ஜனம். முன்வரிசையில் அதிகாரிகள். செட்டியார் நெற்றியில் வியர்வை வழிந்து திருநீறு கரைந்தது. மரியஜோசப் பார்த்தார். நாடகம் கெட்டுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், உதடு அசையாமல், மீசைக்குள்ளிருந்தே மூன்றாவது வரியை எடுத்துக் கொடுத்தார். செட்டியார் அதைப் பிடித்துக்கொண்டு முழங்கினார். நான்காவதையும் கொடுத்தார். ஐந்தாவதையும் கொடுத்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

நல்லது செய்தால் அதுவே கழுத்துக்குக் கயிறாகிவிடும் என்று அவருக்கு அப்போது தெரியவில்லை. அடுத்த வருஷம் சங்கத்துக்கு ஒப்பனை செய்கிற சலூன்காரர் கமாலிடம் செட்டியார் தனியாகச் சொன்னார்: துரை மீசையை இன்னும் பெரிசாக் கட்டு, வாய் தெரியக் கூடாது. கமால் ஆட்டு முடியில் புதிதாக ஒரு மீசை செய்தார். மேலுதடு கீழுதடு இரண்டையும் மூடுகிற மீசை. சூடாக டீ குடித்தால் அதுவும் சேர்ந்து குடிக்கும்.

"என்னண்ணே இது, இவ்ளோ பெரிய மீசை எந்தத் துரைக்கு இருந்துச்சு?" என்று கமாலே சிரித்தார்.

"இது மீசையில்ல கமாலு. வாய்ப்பூட்டு" என்றார் மரியஜோசப்.

வருஷாவருஷம் அதே நாடகம். வேறு நாடகத்துக்கு மனு போட்டால் காகிதம் திரும்பி வராது. இதற்கு மட்டும் உடனே முத்திரை விழும். வெள்ளைக்காரனைத் திட்டுவது ஒன்றுதான் அந்த நாட்களில் எல்லோருக்கும் அனுமதிக்கப்பட்ட காரியம். வசனம் முழுவதையும் பர்மிய மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை எழுதியதும் மரியஜோசப்தான். நாடகத்தன்று ஓர் அதிகாரி முன்வரிசையில் அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஓர் ஆள் விரலை ஓட்டிக்கொண்டே வருவான். எழுதாத சொல் ஒன்று மேடையில் விழுந்தால் எல்லோருக்கும் வில்லங்கம்.

தூக்குமேடை வசனம் முடிந்ததும் நாடகம் நின்றுவிடும். ஏனென்றால் மாலை போடுகிற நேரம். ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராக மேடை ஏறி, கழுத்தில் கயிறோடு நிற்கிற வேலப்பனுக்கு மாலை போடுவார்கள், சட்டையில் நோட்டுக் குத்துவார்கள். ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பார்கள். தூக்கில் தொங்க வேண்டியவன் பல்லைக் காட்டிக்கொண்டு கும்பிடுவான். துரை அத்தனை நேரமும் விறைப்பாக நிற்க வேண்டும். துரை வேஷத்துக்கு மாலை போடக் கூடாது என்பது சங்கத்தில் பழைய வழக்கம். எந்தக் காலத்திலோ யாரோ போட்டு, அந்த வருஷம் கொட்டகை தீப்பிடித்ததாம். துரைக்குக் கிடைப்பது ஜனங்கள் வீசுகிற செருப்பு. நாடகம் நன்றாக நடந்தால் நிறையச் செருப்பு.

"நீங்க சொல்லிக் குடுக்கிறீங்க, அவரு மாலை வாங்குறாரு. நீங்க செருப்பை வாங்கிட்டு வர்றீங்க. எனக்கு வயிறு எரியுது" என்பாள் இராஜகுமாரி. கோட்டில் ஒட்டியிருக்கும் சேற்றைத் துடைத்துக்கொண்டே சொல்வாள்.

"வர்ற வருஷம் குடுக்குறேன்னு சொல்லியிருக்காரு."

"அவரு சொல்லட்டும். நீங்க நம்புறீங்க பாருங்க, அதுதான் எனக்குக் கோவம்."

அவள் சொன்னது சரிதான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் போனார். ஏன் போனார் என்றால், அந்த வசனத்துக்காகப் போனார். வருஷத்தில் ஒரு நாள், மீசைக்குள்ளாவது, அதைச் சொல்லிவிட முடிகிறதே என்று போனார். வசனம் அப்படி:

'தூக்கில் போட வந்தவன் கைதான் நடுங்குகிறது. நிற்கிறவன் கால் நடுங்கவில்லை. எங்கள் நெல்லைப் பூட்டினாய். எங்கள் பிள்ளைகளைப் பூட்டினாய். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுக்கிறாயே, உனக்குத் தூக்கம் வருகிறதா? பூட்டினவன்தான் விழித்திருக்க வேண்டும். உள்ளே இருக்கிறவன் தூங்கலாம்.'

வீட்டில் யாரும் இல்லாதபோது கண்ணாடி முன்னால் நின்று முழுக் குரலில் ஒருமுறை சொல்லிப் பார்க்க ஆசை. கீழ் வீட்டுக்காரர் கேட்டுவிடுவாரே என்று அதையும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வார். கடைசி வரிசைக்காரன் காதில் விழாத வசனம் பேசாத வசனம் என்று படித்த மனிதர், இப்படி இருபது வருஷம் ஒரே ஓர் ஆள் காதுக்கு மட்டும் பேசினார். அந்த ஆளும் முத்துக்கருப்பன்.

லதா வளர்ந்தாள். அவளைப் பெண் பார்க்க வந்த வீட்டில் ஒரு கிழவர், செருப்படி துரை மகளா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். மரியஜோசப் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். இராஜகுமாரி குறுக்கே வந்து நிற்காவிட்டால் அந்தச் சம்பந்தம் அன்றைக்கே முறிந்திருக்கும். கல்யாணம் நடந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு அவர் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

இரண்டாயிரத்து எட்டில் புயல் வந்தது. தாமுவேயில் மரங்கள் விழுந்தன, கூரைகள் பறந்தன. ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவிலும் அதற்குக் கீழேயும் நடந்ததோடு பார்த்தால் இது ஒன்றுமில்லை. மரியஜோசப் படகேறி டாலாவுக்குப் போனார். சாலை ஓரத்தில் வரிசையாக ஜனங்கள், ஒரு வண்டி வந்தால் கையை நீட்டிக்கொண்டு. அதில் பாதிப் பேர் குழந்தைகள். வீட்டுக்கு வந்தவர் சோற்றைத் தொடவில்லை.

சங்கத்து அறையில் அரிசி மூட்டை கூரை வரை இருந்தது. ஊரெல்லாம் அள்ளிக் கொடுத்த அரிசி. மரியஜோசப் மண்டிக்குப் போய்ச் சாவியைக் கேட்டார்.

"அனுமதி வரட்டும் ஜோசப்பு. அரசாங்கம் மூலமாத்தான் குடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. நாமளா வண்டியை எடுத்துட்டுப் போனா நாளைக்கு மண்டியைப் பூட்டிருவாங்க."

"அங்க பச்சைப்புள்ளைங்க ரோட்டுல நிக்குது, செட்டியாரே."

"எனக்குத் தெரியாதா? மனசு இல்லாதவனா நான்? அனுமதி வரட்டும்."

சாவி செட்டியார் இடுப்பில், லுங்கி மடிப்பில் இருந்தது. மரியஜோசப் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பறித்துக்கொண்டு ஓடத் தைரியம் இல்லை. அந்தக் கோபம் செட்டியார் மேல் பாதி, தன்மேல் பாதி. அனுமதி மழைக்காலம் முழுக்க வரவில்லை. வந்தபோது அரிசி புழுத்துப் புழுதியாகியிருந்தது. வாத்துப் பண்ணைக்காரன் ஒருவன் வண்டியோடு வந்து ஏற்றிக்கொண்டு போனான்.

அடுத்த தைப்பூசத்துக்குச் சங்கத்தில் கூட்டம். செட்டியாருக்கு முழங்கால் தேய்ந்து, மேடை ஏற முடியாத நிலை. வேலப்பன் வேஷத்துக்கு ஆள் மாற்றித்தான் ஆக வேண்டும். மரியஜோசப் அன்றைக்குத் தலைக்குக் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். இராஜகுமாரியே சட்டையின் காலரைச் சரி செய்துவிட்டாள். இந்த மனிதருக்கு இந்த ஒன்று கிடைத்துவிட வேண்டும் என்று அவளும் வேண்டிக்கொண்டாள்.

"இந்த வருஷம் வேலப்பனா நம்ம கணேஷ் நிக்கிறான்" என்றார் செட்டியார்.

கணேஷ் அவருடைய கடைசி மகன். ஜிம்முக்குப் போய் வளர்த்த உடம்பு. நல்ல பையன்தான், அவன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது, தமிழ்தான் வராது. வீட்டில் பேசினால் புரியும், பதில் பர்மியத்தில் வரும். வசனத்தை பர்மிய எழுத்தில் எழுதி வைத்துப் படித்துக்கொண்டிருந்தான்.

மரியஜோசப் எழுந்து நின்றார். "செட்டியாரே. எனக்குச் சொன்னீங்க."

"சொன்னேன், இல்லேங்கல. ஆனா ஒனக்கு இப்ப வயசு என்ன? வேலப்பன் வாலிபன்ல? நீ பக்கத்துல நின்னு பையனுக்கு எடுத்துக் குடு. எனக்குக் குடுத்த மாதிரி. ஒன்னைய விட்டா யாரு இருக்கா?"

அறுபது தாண்டி, பல் இரண்டு விழுந்து, வயிறு வேட்டிக்கு வெளியே வந்த பிறகும் வாலிப வேலப்பனாக நின்ற மனிதர் சொன்ன பேச்சு இது. மரியஜோசப்புக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பேச வாயெடுத்தார். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும். இருபது வருஷமாக வசனம் யாருடையது என்று ஒவ்வொருவனுக்கும் தெரியும். ஒருவன் வாயும் திறக்கவில்லை. வெளியே வந்துவிட்டார்.

"போகாதீங்க. ஆட்டு முடி மீசையை அவுங்களே கட்டிக்கட்டும்" என்றாள் இராஜகுமாரி.

"போவேன்" என்றார். "போயி, வாயைத் தொறக்காம நிப்பேன். அதத்தானே எல்லாரும் கேட்டீங்க? நீயும் கேட்டே. நிப்பேன்."

அவளுக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது.

நாடகத்தன்று மாலை மண்டபம் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். முன்வரிசையில் பச்சைச் சட்டை அதிகாரிகள், மடியில் காகிதத்தோடு ஒருவர், பக்கத்தில் விரலோட்டுகிறவன். அவர்களுக்கு நடுவில், இந்த முறை வேஷம் இல்லாததால், முத்துக்கருப்பன் செட்டியார் பட்டுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். மகன் மேடைக்கு வந்தபோது அவர் முகம் பூரித்தது.

தூக்குமேடைக் காட்சி வந்தது. கணேஷ் கழுத்தில் கயிறை மாட்டிக்கொண்டு மார்பை நிமிர்த்தினான். "தூக்கில் போட வந்தவன் கைதான் நடுங்குகிறது" என்றான். நன்றாகத்தான் சொன்னான். அடுத்த வரி வரவில்லை. அப்பா சொல்லியிருந்தபடி துரையின் மீசையைப் பார்த்தான்.

மீசை அசையவில்லை.

மண்டபம் காத்திருந்தது. கணேஷ் "சயா..." என்று மெல்லக் கூப்பிட்டான். முன்வரிசையில் செட்டியார் நாற்காலியின் நுனிக்கு வந்து, ம், ம் என்று கையாட்டினார். திரைக்குப் பக்கத்தில் கமால் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். யாரோ சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து முதல் செருப்பு வந்து விழுந்தது. துரைமேல் இல்லை, பையன்மேல். கணேஷின் கண்ணில் தண்ணீர் நின்றது.

மரியஜோசப் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் வந்தார். பையன் முகத்தைப் பார்த்ததும் அது முடியவில்லை. எடுத்துக் கொடுப்போம் என்று மூச்சை இழுத்தார். இழுத்த மூச்சு வயிற்றில் போய் நின்றது. அங்கே நின்ற மூச்சை முணுமுணுப்பாக விட அவருக்கு இனி மனசு வரவில்லை. தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தார். மீசையை ஒரே இழுப்பில் பிய்த்தார்; பசையோடு தோலும் கொஞ்சம் வந்தது. கணேஷின் கழுத்திலிருந்த கயிறை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

வேலப்பன் வசனத்தைத் துரையைப் பார்த்துத்தான் பேச வேண்டும். இப்போது எதிரே துரை இல்லை. முன்வரிசை இருந்தது. அதைப் பார்த்தார்.

"தூக்கில் போட வந்தவன் கைதான் நடுங்குகிறது. நிற்கிறவன் கால் நடுங்கவில்லை. எங்கள் நெல்லைப் பூட்டினாய்."

வாசலுக்கு வெளியே தெருவில் போனவர்கள் நின்றார்கள். எண்பத்தெட்டில் நாலு தெரு கேட்ட குரல், பூட்டி வைத்ததில் கொஞ்சமும் தேயவில்லை.

"எங்கள் பிள்ளைகளைப் பூட்டினாய். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுக்கிறாயே, உனக்குத் தூக்கம் வருகிறதா?"

செட்டியாரின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போயிற்று. அவருக்குப் பக்கத்தில் இருந்த அதிகாரி, விரலோட்டுகிறவனிடம் குனிந்து, எழுதியது சரியாக இருக்கிறதா என்று கேட்டார். அவன் வேர்த்துப்போய், சரியாக இருக்கிறது, ஒரு சொல் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றான். முன்வரிசையில் ஒவ்வொருவனும் அது தனக்குச் சொன்னது என்றே நினைத்தான். எல்லோருக்கும்தான் சொன்னார்.

"பூட்டினவன்தான் விழித்திருக்க வேண்டும். உள்ளே இருக்கிறவன் தூங்கலாம்."

சொல்லி முடித்துவிட்டு நின்றார். கைதட்டல் இல்லை. மாலை போட ஒருவரும் மேடை ஏறவில்லை. அதிகாரி எழுந்தார், அவர் எழுந்ததும் மற்றவர்கள் எழுந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். லண்டன்காரருக்குக் கொட்டகை எழுந்து நின்றதாம். இவருக்குக் கொட்டகை எழுந்து ஓடியது. இராஜகுமாரி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு.

மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேஜைக்கு எதிரே நிற்க வைத்துக் கேட்டார்கள்.

"அனுமதித்த வசனத்தில் ஒரு சொல்லாவது மாற்றினேனா?" என்றார் மரியஜோசப்.

"மாற்றவில்லை. யாரைப் பார்த்துச் சொன்னாய்?"

"அது துரையைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வசனம். துரை நான். என் முகத்தை நானே பார்க்க முடியாதே. எதிரே இருந்தவர்களைப் பார்த்தேன்."

விசாரித்த அதிகாரி அவரை இருட்டும் வரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, இனி எந்த மேடையிலும் ஏறக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார். சங்கத்துக்கு நாடக அனுமதி அதோடு நின்றது.

செட்டியார் ஒரு நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். வாசலிலேயே நின்று, "அது என்னையத்தானே சொன்னே?" என்றார்.

"ஆமா" என்றார் மரியஜோசப்.

"என் மேல பழியைப் போட்டுட்டே ஜோசப்பு. நான் பயந்தவன். ஊருல யாரு பயப்படல?"

"நானும்தான் பயந்தேன். அதுக்கு மாலை வாங்கிக்கிடல."

கதவைச் சாத்திவிட்டார். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

பாடம் படிக்க வந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக நின்றார்கள். காய்ச்சல் என்றார்கள், ஊருக்குப் போகிறோம் என்றார்கள். கோயில் மண்டபத்தில் வருஷாவருஷம் கைதட்டியவர்கள் மார்க்கெட்டில் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் தாண்டினார்கள். துரை என்றுகூட யாரும் கூப்பிடவில்லை. இதுதான் அவரைப் போட்டுப் புரட்டியது. செருப்பு எறிந்தபோதாவது ஆள் இருக்கிறான் என்று தெரிந்து எறிந்தார்களே என்று இராஜகுமாரியிடம் கத்தினார். "கத்துங்க. நல்லாக் கத்துங்க. இனிமே வாயை மூடச் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள்.

தன்லியினில் ஒரு தொழிற்சாலை வாசலில், வருகிற போகிற லாரிக்குச் சீட்டுக் கொடுக்கிற வேலை கிடைத்தது. இரண்டாயிரத்துப் பத்தில் மழை தொடங்கிய சமயம், வேலைக்குப் போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். உட்கார இடமில்லாத கூட்டம். பக்கத்தில் சோற்றுத் தூக்கோடு நின்ற ஆள், முகம் தெரியாத ஆள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே உதடு அசையாமல் சொன்னான்:

"தூக்கில் போட வந்தவன் கைதான் நடுங்குகிறது."

மரியஜோசப்புக்கு இருபது வருஷப் பழக்கம். அடுத்த வரி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, முணுமுணுப்பாக. அதை உணர்ந்ததும் தலைக்குக் கோபம் ஏறியது.

"சத்தமாச் சொல்லுய்யா" என்றார். பஸ் முழுக்கத் திரும்பியது. "மீசைக்குள்ள பேசிப் பேசித்தான் என் ஆயுசு போச்சு. சொல்றதா இருந்தா சத்தமாச் சொல்லு, இல்லேன்னா வாயை மூடிட்டு ஒன் இடத்துல இறங்கு."

அந்த ஆள் கண்டக்டரைப் பார்த்தான், பிறகு தூக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் பாலத்தின் மேல் ஏறியது. கீழே பாகோ ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. மரியஜோசப் வெறுத்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது பின்னால், மீன் கூடைக்குப் பக்கத்திலிருந்து, ஒரு பெண் குரல் வந்தது. பயந்த குரல்தான். ஆனால் கடைசி வரிசையிலிருந்து முன்பக்கம் டிரைவர் வரைக்கும் கேட்டது.

"நிற்கிறவன் கால் நடுங்கவில்லை."

அதற்கடுத்த வரியை இன்னொருவர் சொன்னார். மரியஜோசப் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். எடுத்துக் கொடுக்க வேண்டுமே என்று பழக்கத்தில் காத்திருந்தார். யாரும் அவர் வாயைப் பார்க்கவில்லை.